ஆறு மணி நேரத் தூக்கம் பழகிவிட்டது என்பவருக்கு உண்மையிலேயே அது போதுமா?

பிரிவு: உடல்நலம் › பொது

நெல்லைச்சாரல்
எல்லாருக்கும் வணக்கம். ஆபீஸ்ல வருஷாந்திர செக்கப் எடுத்தாங்க. பிரஷர் 138/88. டாக்டர் உப்பு, எடை, நடை எல்லாம் விசாரிச்சுட்டுக் கடைசியா "ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறீங்க?"ன்னு கேட்டார். பன்னிரண்டு, பன்னிரண்டரை ஆகும், ஆறு மணிக்கு எந்திரிச்சிருவேன்னு சொன்னேன். "மாத்திரை இப்போ வேண்டாம். ஏழு மணி நேரத்துக்குக் குறையாம தூங்குங்க, மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்"னு அனுப்பிட்டார்.

என் கேள்வி இதுதான். பையன் பிறந்ததுல இருந்து எனக்கு இதே கணக்குதான் ஓடுது. பகல்ல தூங்கி விழுறதில்ல, வேலையில பிழை வர்றதில்ல. எங்கப்பா வாழ்நாள் பூரா ராத்திரி பதினொண்ணுக்குப் படுத்து நாலு மணிக்கு எந்திரிச்சவர். 79 வயசு, இன்னும் சைக்கிள் மிதிக்கிறார். உடம்பு பழகிட்டா ஆறே போதும்தானே? ஏழு, எட்டுங்கிறதெல்லாம் யார் வெச்ச கணக்கு?

கணக்குப்புலி
யார் வெச்ச கணக்குன்னு கேட்டதால சொல்றேன். 2015ல அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியும் தூக்க ஆராய்ச்சிச் சங்கமும் சேர்ந்து ஒரு நிபுணர் குழு போட்டு, வந்த ஆய்வுகளை எல்லாம் பிரிச்சுப் பார்த்து, "பெரியவங்க தினமும் 7 மணி நேரமோ அதுக்கு மேலயோ தூங்கணும்"னு அறிவிச்சாங்க. அதுக்குக் கீழ தொடர்ந்து போனா எடை, சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய், பக்கவாதம், மனச்சோர்வு எல்லாத்தோடயும் தொடர்பு தெரியுதுன்னாங்க. அதே வருஷம் இன்னொரு அமைப்பு 18 முதல் 64 வயசு வரை 7–9, 65 தாண்டினா 7–8ன்னு சொல்லுச்சு. கவனிங்க, "எட்டு மணி நேரம் கட்டாயம்"னு ரெண்டு பேருமே சொல்லல. எட்டுங்கிறது நம்ம வாட்ஸ்அப் குரூப் எல்லாருக்கும் தச்சுக் கொடுத்த ரெடிமேட் சட்டை.

2002ல பதினோரு லட்சம் பேரை வெச்சு வந்த அமெரிக்க ஆய்வுல, இறப்பு விகிதம் குறைவா இருந்தது ஏழு மணி நேரக்காரங்களுக்குத்தான். எட்டு மணி நேரம்னு சொன்னவங்களுக்குக் கொஞ்சம் கூடுதல்! அதுக்காக எட்டு மணி நேரம் தூங்கினா ஆயுசு குறையும்னு அர்த்தமில்ல. உள்ளுக்குள்ள ஏதோ நோய் இருக்கிறவங்க அதிகம் படுத்திருப்பாங்க, அது கணக்குல ஏறிடும்.

மாத்திரைப்பெட்டி
சாரல் சார், நான் பொது மருத்துவர். உங்க டாக்டர் சரியான கேள்விதான் கேட்டிருக்கார். 2022ல அமெரிக்க இதயச் சங்கம் இதய நலத்துக்கான எட்டு அம்சப் பட்டியல்ல தூக்கத்தையும் சேர்த்துச்சு. அதுவரைக்கும் பட்டியல் ஏழுதான்.

"பழகிடுச்சு"ங்கிறதுக்கு வர்றேன். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல செஞ்சு 2003ல வெளியான ஒரு சோதனை இருக்கு. ஆரோக்கியமான 48 பேரை ஆய்வகத்துலயே தங்க வெச்சாங்க. 14 நாளைக்கு ஒரு குழுவுக்கு நாலு மணி நேரம், ஒரு குழுவுக்கு ஆறு, ஒரு குழுவுக்கு எட்டு. நாலாவது ஒரு குழு மூணு நாள் ஒரு பொட்டுக்கூடக் கண்ணை மூடலை.

சோதனை ரொம்ப எளிமை. பத்து நிமிஷம் ஒரு சின்னத் திரையை வெறிச்சுப் பார்க்கணும். ரெண்டு நொடியிலயோ பத்து நொடியிலயோ எப்போ வேணாலும் எண் ஓட ஆரம்பிக்கும். ஓடினதும் பொத்தானை அழுத்தணும். அவ்வளவுதான். அரை நொடிக்கு மேல தாமதமானா தவறு. கேட்கச் சப்புனு இருக்கும். ஆனா தூக்கம் குறைஞ்சவனை இந்த மாதிரி சப்புனு இருக்கிற வேலைதான் காட்டிக்கொடுக்கும். சுவாரசியமான வேலையில மூளை எப்படியாவது சமாளிச்சிடும்.

ஆறு மணி நேரக் குழுவுக்கு நாளுக்கு நாள் தவறு கூடிக்கிட்டே போச்சு. ரெண்டு வாரம் முடியும்போது, ஒரு ராத்திரி முழுக்கக் கண்முழிச்சவங்க எந்த அளவு தவறு செஞ்சாங்களோ அந்த அளவுக்கு வந்துட்டாங்க. ஆனா "உங்களுக்கு எவ்வளவு தூக்கக் கலக்கம்?"னு கேட்டப்போ, முதல் சில நாள் கூடினதுதான், அப்புறம் பெருசா ஏறலை. "லேசா அசதி, மத்தபடி ஓகே"ங்கிற ரேஞ்சுலதான் பதில். கலக்கம் பழகிடுது சார், கோளாறு பழகுறதில்ல.

நெல்லைச்சாரல்
> கலக்கம் பழகிடுது சார், கோளாறு பழகுறதில்ல

இது கொஞ்சம் உறைக்குது. ஆனா அப்பா விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லலையே.

மாத்திரைப்பெட்டி
ஒண்ணு கேக்கறேன். அப்பா மதியம் தூங்குவாரா?

நெல்லைச்சாரல்
பாத்திரக்கடை வெச்சிருந்தார். ஒரு மணிக்குக் கடையைச் சாத்திட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தார்னா மூணரைக்குத்தான் எந்திரிப்பார். அந்த நேரத்துல நாங்க ரேடியோகூட வைக்கக் கூடாது.

கணக்குப்புலி
😂 அய்யா, அஞ்சும் ரெண்டும் எத்தனை?

ஓஎம்ஆர் ஆந்தை
கேஸ் க்ளோஸ்டு 😂

மாத்திரைப்பெட்டி
சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். நிஜமாவே குறைச்சலாத் தூங்கிட்டு நல்லா இருக்கிறவங்களும் உண்டு. 2009ல கலிஃபோர்னியாவுல யிங்-ஹுயி ஃபூவோட குழு ஒரு குடும்பத்துல டெக்2ங்கிற மரபணுவில மாற்றம் இருக்கிறதைக் கண்டுபிடிச்சாங்க. அந்த மாற்றம் உள்ளவங்களுக்கு ஆறு மணி நேரம் சுமார்தான் தூக்கம், அதுலயே தெளிவா இருக்காங்க. ஆனா இது மிக அரிது. ஞாயித்துக்கிழமை அலாரம் இல்லாம விட்டா எட்டரை வரைக்கும் தூங்குறவருக்கு அந்த மரபணு இல்லைனு தாராளமா முடிவுக்கு வரலாம். அந்த மாதிரி ஆளுங்க லீவு நாளிலயும் அதே நேரத்துக்குத்தான் எந்திரிப்பாங்க.

சாரல் சார், ஞாயித்துக்கிழமை நீங்க எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க?

நெல்லைச்சாரல்
அடுத்த கேள்விக்குப் போகலாம் டாக்டர்.

பாலாறு
வேறொரு பக்கம் பார்க்கலாமா? 2015ல தான்சானியாவோட ஹட்சா, நமீபியாவோட சான், பொலிவியாவோட சிமானே மக்கள்கிட்ட கையில கருவி கட்டி அளந்தாங்க. கரண்ட் கிடையாது, செல்போன் கிடையாது. அவங்க தூங்கினதும் 5.7ல இருந்து 7.1 மணி நேரம்தான். அப்போ நவீன வாழ்க்கைதான் தூக்கத்தைக் கெடுத்துச்சுங்கிற புலம்பல் பாதி பொய்தானே? அந்தக் காலத்துல எல்லாரும் ஒன்பது மணி நேரம் தூங்கினாங்கன்னு யார் பார்த்தா?

கணக்குப்புலி
நல்ல பாயிண்ட் பாலாறு. ஆனா அதே ஆய்வுல, அவங்க படுத்ததுல இருந்து எந்திரிச்சது வரைக்கும் எடுத்தா 6.9ல இருந்து 8.5 மணி நேரம். படுக்கையில இருக்கிறது வேற, அதுக்குள்ள தூங்கினது வேற. பெரிய பெரிய ஆய்வுகள்ல "எத்தனை மணி நேரம் தூங்குவீங்க?"ன்னு வாயாலதான் கேட்பாங்க. ஜனங்க படுத்த நேரத்தையும் எந்திரிச்ச நேரத்தையும் மனசுல கழிச்சுப் பார்த்துச் சொல்லுவாங்க. நடுவுல புரண்டது, பாத்ரூம் போனது, கொசு அடிச்சது எதுவும் அதுல கழியாது. கருவி காட்டுற 6.3ஐயும் வாய் சொல்ற 7ஐயும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒப்பிடக் கூடாது.

மொட்டைமாடி
இந்தப் பேச்சுக்காகத்தான் காத்திருந்தேன். நாங்க வடசென்னை. ஒரே ரூம், அஞ்சு பேர். பத்து மணிக்கு லைட்டை அணைச்சிருவோம், ஆறு மணிக்கு எழுந்திருப்போம். உங்க கணக்குப்படி எட்டு மணி நேரம். ஆனா வெயில் காலத்துல ஓட்டு வீட்டுச் சூடு ரெண்டு மணி வரைக்கும் இறங்காது. ஃபேன் காத்து வரும், அனல்காத்து. கரண்ட் போச்சுன்னா கொசு. தெருவுல வண்டி, நாய். மூணரைக்குப் பக்கத்து வீட்டு அண்ணன் மீன் மார்க்கெட்டுக்குக் கிளம்புவார், அவர் வண்டி நாலு உதையிலதான் ஸ்டார்ட் ஆகும். நாலே முக்காலுக்குத் தண்ணி லாரி வந்துச்சுன்னா குடத்தோட ஓடணும். காலையில உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும். எங்களை மாதிரி ஆளுங்களை இந்த ஆய்வுக்காரங்க யாராவது பார்த்திருக்காங்களா?

கணக்குப்புலி
பார்த்திருக்காங்க, அதுவும் சென்னையிலேயே! நான் படிச்சதுலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச தூக்க ஆய்வு அது. 2021ல பொருளாதார இதழ் ஒண்ணுல வந்துச்சு. பெஸ்ஸோன், கௌதம் ராவ், ஷில்பாக், ஸ்கோஃபீல்ட், டோமா, அஞ்சு பேர் செஞ்சது.

குறைந்த வருமானம் உள்ள 452 பேரை டேட்டா என்ட்ரி வேலைக்கு எடுத்தாங்க. ஒரு மாசம் ஆபீஸுக்கு வந்து கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கணும், அடிச்ச அளவுக்குக் காசு. எல்லார் கையிலயும் அசைவைப் பதிவு பண்ற வாட்ச் மாதிரி ஒரு கருவி. முதல்ல தெரிஞ்சது என்னன்னா, மொட்டைமாடி சொன்னதேதான். படுக்கையில எட்டு மணி நேரம், தூக்கம் அஞ்சரை. ராத்திரிக்கு முப்பது தடவைக்கு மேல முழிப்பு தட்டுது.

அப்புறம் ஒரு பகுதி ஆட்களுக்கு மெத்தை, தலையணை, கண்பட்டி, காதடைப்பான், டேபிள் ஃபேன் எல்லாம் கொடுத்து, சீக்கிரம் படுக்கச் சொல்லி ஊக்கமும் கொடுத்தாங்க. சிலருக்குத் தூங்கின நேரத்துக்கு ஏத்த மாதிரி காசும். தூக்கம் சராசரியா 27 நிமிஷம் கூடுச்சு. அரை மணி நேரம்னே வெச்சுக்கோங்க. இதுல வேலை எகிறும், உடம்பு தேறும்னு நிபுணர்கள் முன்கூட்டியே கணிச்சிருந்தாங்க.

ஒண்ணும் நடக்கலை. டைப்பிங் வேகம் கூடலை, கவனம் கூடலை, மனசும் பெருசா தெளியலை. சொல்லப்போனா, படுக்கையில கூடுதலா இருந்ததால வேலை நேரம் கொஞ்சம் குறைஞ்சுபோச்சு.

ஆனா இன்னொரு பகுதி ஆட்களுக்கு மதியம் ஆபீஸ்லயே அமைதியான இடம் கொடுத்து அரை மணி நேரம் தூங்க விட்டாங்க. அவங்களுக்கு வேலைத்திறன், கவனம், மனநிலை, பொறுமை எல்லாமே தேறுச்சு.

மொட்டைமாடி
அப்ப வீட்டுல அரை மணி நேரம் கூடத் தூங்கினா பிரயோஜனம் இல்லை, ஆபீஸ்ல அரை மணி நேரம் தூங்கினா உண்டு. ஏன் அப்படி?

கணக்குப்புலி
நான் புரிஞ்சுக்கிட்டது: வீட்டுல கூடின அந்த 27 நிமிஷமும் அதே துண்டு துண்டான தூக்கம்தான். படுக்கையில இருக்கிற நேரம் நீண்டதால வந்தது, தூக்கத்தோட தரம் மாறலை. ஆபீஸ்ல கிடைச்சது அமைதியான இடத்துல ஒரே மூச்சாத் தூங்கின அரை மணி நேரம். இன்னொண்ணு, ராத்திரித் தூக்கத்தைச் சில வாரங்கள்தான் கூட்டிப் பார்த்தாங்க. வருஷக்கணக்குல ரத்த அழுத்தம், சர்க்கரை என்ன ஆகும்னு இந்த ஆய்வு சொல்லாது. "தூக்கம் கூடினா பயனில்லை"ன்னு இதை ஃபார்வர்டு பண்ணிடாதீங்க, ப்ளீஸ்.

சுக்குக்காப்பி
பகல் தூக்கம் நல்லதுன்னு வெள்ளைக்காரன் சொன்னா நம்புவீங்க. நம்ம சித்தர் தேரையர் பிணியணுகா விதியில "பகற்றுயிலோம்"னு, அதாவது பகல்ல தூங்க மாட்டோம்னு, தெளிவாவே சொல்லியிருக்கார்.

மாத்திரைப்பெட்டி
தேரையர் சொன்னதைத் தப்புன்னு நான் சொல்லலை அண்ணாச்சி. மூக்கு முட்டச் சாப்பிட்டுட்டு ரெண்டு, ரெண்டரை மணி நேரம் அடிச்சுப் போட்ட மாதிரித் தூங்கினா ராத்திரித் தூக்கம் கெடும், எந்திரிச்சதும் மந்தமா இருக்கும். அரை மணி நேரம் தாண்டினா ஆழ்ந்த தூக்கத்துக்குள்ள போயிடுவோம், அதுல இருந்து பாதியில எழுப்பினா தலை கிறுகிறுக்கும். அதனால குட்டித்தூக்கம்னா இருபதுல இருந்து முப்பது நிமிஷம், மூணு மணிக்கு முன்னாடி. ராத்திரி தூக்கம் வராமத் தவிக்கிறவங்களுக்கு நான் பகல் தூக்கமே வேண்டாம்னுதான் சொல்லுவேன். அங்கே தேரையரும் நானும் ஒரே கட்சி.

பனியன் கம்பெனி
ஏனுங்க, மதியத் தூக்கம்னு பேசறீங்களே, எங்களுக்கு மதியச் சோத்துக்கே நேரமில்லீங்க. திருப்பூர்ல ஒன்றரை ஷிப்ட்டுன்னா காலையில எட்டரையில இருந்து ராத்திரி எட்டரை. ஏற்றுமதி ஆர்டர் கிளம்பற வாரம் விடிய விடிய ஓடும். அடுத்த நாள் கட்டிங் மெஷின்ல நிக்கற பையன் கண்ணு சொருகும். கையில இரும்புக் கையுறை மாட்டச் சொல்லுவோம், வேகம் போகுதுன்னு கழட்டி வெச்சுருவான். விரல் போனவங்களை நான் பாத்திருக்கறனுங்க. ஏழு மணி நேரம் தூங்குங்கன்னு எங்கட்ட சொல்லறது சரி, மொதலாளிக்கு யாரு சொல்லறது?

வார்டு அக்கா
பனியன் தம்பி சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். நான் நர்ஸ். மூணு நாள் நைட், ஒரு நாள் ஆஃப், அப்புறம் மார்னிங் ட்யூட்டி. நைட் முடிச்சு வீட்டுக்கு வந்து ஒன்பது மணிக்குப் படுத்தா, எவ்வளவு அசதியா இருந்தாலும் ஒரு மணிக்குக் கண்ணு தானாத் திறந்துக்கும். உடம்புக்குள்ள ஓடற கடிகாரம் பகல்னு சொல்லுது, அதை ஏமாத்த முடியாது. அந்தக் கடிகாரம் செல்லுக்குள்ள எப்படி ஓடுதுன்னு கண்டுபிடிச்சதுக்குத்தான் 2017ல மூணு பேருக்கு நோபல் கொடுத்தாங்க. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007லயே இரவு ஷிப்ட் வேலையை "அநேகமாகப் புற்றுநோய் வரவழைக்கக் கூடியது"ங்கிற 2ஏ பட்டியல்ல சேர்த்துச்சு, 2019ல மறுபடி பார்த்துட்டும் அங்கேயே வெச்சிருக்கு.

எனக்கு ஓரளவு உதவினது: வீட்டுக்கு வர்ற வழியிலேயே கறுப்புக் கண்ணாடி. ஜன்னலுக்குக் கெட்டியான அடர் நிறத் துணி. நைட்ல கடைசி டீ ரெண்டு மணிக்குள்ள, காபி, டீயில இருக்கிற கஃபீன் பாதி குறையவே அஞ்சு மணி நேரம் சுமார் ஆகும். காலிங் பெல் வயரைப் பிடுங்கிடுவேன். மாமியாருக்கு இதுல கோவம், அது தனிக் கதை.

ஓஎம்ஆர் ஆந்தை
அக்கா, அமெரிக்க ஷிப்ட்ல இருக்கிற எனக்கும் இதே நிலைமை. உங்களுக்காவது சுத்தி சுத்தி வருது, எனக்கு நிரந்தரம். அதுல ஒரு வசதி, லீவு நாளிலயும் லேட்டாவே படுத்து லேட்டாவே எந்திரிச்சா உடம்பு ஓரளவு ஒத்துழைக்குது. ஆனா கல்யாணம், காதுகுத்து எல்லாம் காலை ஆறு டு ஏழரை முகூர்த்தத்துலதானே வைக்கிறாங்க 😩

என் ஸ்மார்ட்வாட்ச் நேத்து "ஆழ்ந்த தூக்கம் 38 நிமிஷம், மதிப்பெண் 54"ன்னு காட்டுச்சு. பார்த்ததுல இருந்து பயமா இருக்கு.

மாத்திரைப்பெட்டி
வாட்ச் எத்தனை மணிக்குப் படுத்தீங்க, எந்திரிச்சீங்கன்னு ஓரளவு சரியாச் சொல்லும். எந்த நிமிஷம் ஆழ்ந்த தூக்கம், எது கனவுத் தூக்கம்னு சொல்றதை நம்பாதீங்க. அதுக்குத் தலையில மின்முனை ஒட்டி மூளை அலையைப் பார்க்கணும். மதிப்பெண்ணைப் பார்த்துப் பயந்தே தூக்கம் வராம வர்ற நோயாளிகள் இப்போ நிறைய. ஒரு மாசம் கழட்டி வைங்க.

வண்டிச்சத்தம்
நான் டிராவல்ஸ் வண்டி ஓட்டுறேன். சென்னை–மதுரை. டிரைவர் தம்பிங்க யாராவது படிச்சா இதை மனசுல வெச்சுக்கோங்க. உளுந்தூர்பேட்டை தாண்டி விடிகாலை மூணுல இருந்து அஞ்சு, அதுதான் எமன் நேரம். கண்ணு திறந்தே இருக்கும், ஆனா கடந்த ரெண்டு கிலோமீட்டர் எப்படி வந்தோம்னு ஞாபகம் இருக்காது. ஏசி, பாட்டு, சூயிங்கம் எதுவும் நிக்காது. ஓரமா நிறுத்திட்டு இருபது நிமிஷம் சீட்டைச் சாய்ச்சாத்தான் உண்டு. பயணிங்க கத்துவாங்க, கத்தட்டும்.

கணக்குப்புலி
அண்ணே சொல்றதுக்கு ஒரு எண் இருக்கு. 1997ல ஆஸ்திரேலியாவுல பார்த்தாங்க. 17 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருந்தவங்களோட செயல்திறன், ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறவங்க அளவுக்குக் குறைஞ்சுடுச்சு. நம்ம நாட்டுல வண்டி ஓட்டச் சட்டப்படி வரம்பு 0.03. காலையில ஆறுக்கு எந்திரிச்சவர் ராத்திரி பதினொண்ணுக்குக் கிளம்பி விடிய விடிய ஓட்டினா, சட்டக் கண்ணுல சுத்தம். போலீஸ் ஊதச் சொன்னாலும் ஒண்ணும் வராது.

நெல்லைச்சாரல்
இழை எங்கேயோ போயிடுச்சு, ஆனா நல்லாவே போகுது. என் நிலவரம்: பன்னிரண்டு வரைக்கும் முழிச்சு நான் செய்ற வேலைன்னு பார்த்தா பாதி நேரம் செல்லுதான். ஆபீஸ், பையன் ஹோம்வொர்க் எல்லாம் முடிஞ்சு எனக்குன்னு கிடைக்கிறது அந்த ஒரு மணி நேரம்தான், அதை விட மனசு வரலை. இப்போதைக்கு ஹால்லயே செல்லை சார்ஜ்ல போட்டுட்டு பதினொண்ணுக்குப் படுக்கப் போயிடறேன். ஒரு வாரமா காலையில அலாரத்துக்கு முன்னாடியே முழிப்பு வருது. பிரஷர் என்னாகுதுன்னு மூணு மாசத்துல தெரியும்.

செம்பருத்தி
ஒரு சந்தேகம் டாக்டர். என் வீட்டுக்காரர் ராத்திரி ஒன்பதரைக்குப் படுத்துக் காலையில ஆறரைக்கு எந்திரிக்கிறார். ஒன்பது மணி நேரம்! ஆனா பஸ்ல ஏறி உட்கார்ந்ததும் தூங்கிடுறார், டிவி முன்னாடி தூங்கிடுறார். குறட்டை அடுத்த தெருவுக்குக் கேட்கும். நடுவுல திடீர்னு குறட்டை நின்னுடும், மூச்சே இல்லாத மாதிரி இருக்கும், அப்புறம் ஒரு பெரிய செருமலோட மறுபடி ஆரம்பிக்கும். நான் பயந்து தட்டி எழுப்புவேன். கேட்டா "நல்லாத்தானே தூங்கினேன்"ங்கிறார்.

மாத்திரைப்பெட்டி
சகோதரி, தயவுசெஞ்சு தள்ளிப் போடாதீங்க. நீங்க எழுதியிருக்கிறது தூக்கத்துல மூச்சுத் தடைபடுற நோயோட அறிகுறி, பாடப்புத்தகத்துல இருக்கிற மாதிரியே. தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடும், ரத்தத்துல ஆக்ஸிஜன் இறங்கும், மூளை பதறி ஒரு நொடி எழுப்பிவிடும். அவருக்கு அது ஞாபகமே இருக்காது. இது மணிக்கு முப்பது தடவைக்கு மேல நடக்கிறவங்களைத் தீவிர வகையில சேர்ப்போம். இவங்க பன்னிரண்டு மணி நேரம் படுத்தாலும் தெளிச்சி வராது. பிரஷர் மாத்திரை ரெண்டு மூணு போட்டும் அடங்காதவங்கள்ல நிறைய பேருக்கு இதுதான் காரணமா இருக்கும்.

காது மூக்கு தொண்டை டாக்டரையோ நுரையீரல் டாக்டரையோ பாருங்க. ஒரு ராத்திரி தூக்கப் பரிசோதனை எடுப்பாங்க: தலையில, நெஞ்சுல ஒயர், மூக்குல சின்னக் குழாய், விரல்ல கிளிப். சில இடத்துல கருவியை வீட்டுக்கே கொடுத்தனுப்புவாங்க. அதுவரைக்கும் மல்லாந்து படுக்க விடாதீங்க, ஒருக்களிச்சுப் படுக்கட்டும். தூக்க மாத்திரை, மது ரெண்டும் கூடவே கூடாது, தொண்டையை இன்னும் தளர்த்தும். வண்டி ஓட்டுவாரா?

செம்பருத்தி
டூவீலர்ல தினமும் இருபது கிலோமீட்டர் போய் வர்றார்.

மாத்திரைப்பெட்டி
பரிசோதனை முடியுற வரைக்கும் பஸ்லயே போகச் சொல்லுங்க. போகும்போது அந்தக் குறட்டையும் மூச்சு நிக்கிறதும் செல்லுல ரெண்டு நிமிஷம் வீடியோ எடுத்துக்கிட்டுப் போங்க. டாக்டர்கிட்ட அவர் "நல்லாத்தான் தூங்குறேன்"னுதான் சொல்லுவார்.

செம்பருத்தி
சரிங்க டாக்டர். இன்னிக்கு ராத்திரியே எடுத்துடறேன். சனிக்கிழமை அப்பாயின்ட்மென்ட் கேட்டிருக்கேன்.

வார்டு அக்கா
ராத்திரி மாஸ்க் மாட்டிக்கிட்டுத் தூங்குற மூச்சுக்கருவி போடச் சொன்னாங்கன்னா முதல் ரெண்டு வாரம் "மாஸ்க் உறுத்துது, மூக்கு காயுது"ன்னு கழட்டி எறிவார். மாஸ்க்ல அளவு உண்டு, மாத்திக் கேளுங்க. மூக்கு காய்ஞ்சா ஈரப்பதம் சேர்க்கிற டப்பா கூடவே வரும். எங்க வார்டு தாத்தா ஒருத்தர் இப்போ அது இல்லாம ஊருக்கே கிளம்ப மாட்டார்.